குடும்பத்துக்கு வெளியே ஒருவர்

மார்ச் 4, செவ்வாய்

பயிற்சி இன்றோடு முடிந்தது. கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் எல்லோரும் தேறிவிட்டார்கள் என்று மேலே எழுதிக் கொடுத்துவிட்டேன். உண்மையில் பாதிப் பேர்தான் தேறினார்கள், மீதிப் பேர் தெருவில் நின்று கற்றுக்கொள்வார்கள். கடைசியில் பேராசிரியர் வந்து பேசினார். சமூக மூலதனம் என்றால் என்ன, ஏன் ஒரு பகுதியில் மனிதர்கள் ஒருவரையொருவர் நம்புகிறார்கள், இன்னொரு பகுதியில் ஏன் கதவுக்கு மூன்று தாழ்ப்பாள் போடுகிறார்கள், இதையெல்லாம் எப்படி எண்ணாக்குவது. நன்றாகத்தான் பேசினார். பின்வரிசைப் பெண் கொட்டாவியை விழுங்கிக்கொண்டே குறிப்பெடுத்தாள்.

மூன்று பகுதிகள்: குன்றின் மேல் இருக்கும் அடுக்குமாடிகள், கிடங்குத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், வெளியிலிருந்து புதிதாக வந்தவர்களைத் தங்க வைத்திருக்கும் பழைய பள்ளிக்கூடக் கட்டடம். மூன்றிலும் ஒரே கேள்விகள். பதினேழாவது கேள்வி என்னுடையது. "உங்களுக்கு ஒரு பெரிய இக்கட்டு வந்தால், குடும்பத்துக்கு வெளியே எத்தனை பேர் உங்களுக்காகப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுவார்கள்?"

ஒத்திகையில் ரேடியோ என்னிடமே அதைக் கேட்டாள். ஒன்பது வருடமாகப் பக்கத்து மேசைக்காரி. காலையில் ஆன் ஆனால் சாயங்காலம்தான் நிற்பாள், பட்டப்பெயர் சும்மா வரவில்லை. யோசிக்காமல் "ஆறு" என்றேன். "அதுல முதல் ஆள் நான்தானே" என்று அவளே எழுதிக்கொண்டாள்.

மார்ச் 6, வியாழன்

சிறையின் நலன் அதிகாரி அலுவலகத்துக்கே போன் செய்துவிட்டார். மாடிப்படிக்கு ஓடிப்போய்ப் பேசினேன். தம்பியின் பெயர் முன்விடுதலைக்குப் பரிசீலனையில் இருக்கிறதாம். மாதக் கடைசியில் குழு கூடுகிறது. இரண்டு பேர் பொறுப்பேற்கவேண்டும். ஒருவர் குடும்பத்தில், ஒருவர் குடும்பத்துக்கு வெளியே.

"வெளியேன்னா?" என்று கேட்டேன். நானா இப்படிக் கேட்டேன்?

அவர் பொறுமையாகச் சொன்னார். ரத்த உறவு, திருமண உறவு இரண்டும் கூடாது. வேலையோ தொழிலோ இருக்கவேண்டும். அந்த ஆள் ஒரு வருடத்துக்குப் பொறுப்பு. தம்பி திங்கள்கிழமைதோறும் காவல் நிலையத்தில் போய்க் கையெழுத்துப் போடாவிட்டாலோ, யார் மேலாவது கை வைத்தாலோ, பொறுப்பேற்றவரைக் கூப்பிடுவார்கள். அபராதம், பதிவேட்டில் பெயர். ஒருவர் ஒரு கைதிக்குத்தான் பொறுப்பேற்கலாம்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. அவன் அறையிலிருக்கும் தையல் மெஷினை வெளியே எடுக்கவேண்டும் என்றாள். பிறகு, "குடும்பத்துக்கு நான் போடறேன். வெளிய ஆளுக்கா பஞ்சம், உனக்குத்தான் ஊர்ப்பட்ட பேரைத் தெரியுமே" என்றாள்.

மார்ச் 7, வெள்ளி

பஸ்ஸில் அந்த ஆறு பேரை எண்ணிப் பார்த்தேன். நான்குக்கு மேல் போகவில்லை. அதில் ஒருவர் என் பல் டாக்டர்.

மார்ச் 10, திங்கள்

ரேடியோவிடம் கேட்டேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி. இரண்டு நாளாக ஒத்திகை பார்த்த வாக்கியம்.

அவளுக்கு விஷயம் தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஓட்டலில் வாய்த்தகராறு, தம்பி நாற்காலியைத் தூக்கி வீசினான், பக்கத்து மேசையில் சும்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு ஒரு கண் போய்விட்டது. சண்டை போட்டவனுக்குக்கூட இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு. அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நாக்கு தடித்துப்போகிறது.

"இதுக்குப் போய் இவ்வளவு இழுக்கணுமா, போடறேன்" என்றாள். சாப்பாடு அதன்பிறகுதான் இறங்கியது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதும் அவள் தையல் மெஷினை ஹாலுக்குத் தள்ளிவிட்டாள்.

மார்ச் 12, புதன்

ரேடியோ இன்று ஆன் ஆகவில்லை.

மதியம்தான் வாயைத் திறந்தாள். "அவர் வேணாங்கறார். பசங்க இருக்காங்க, நாளைக்கு அவங்க படிப்பு, வேலைன்னு எதுலயாவது இது வந்து நிக்கும்ங்கறார். நான் எவ்வளவோ சொன்னேன்பா."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வேற ஆள் இருக்காங்க" என்றேன். இல்லை. யாரும் இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன்? அவளுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதாம். என் பெருந்தன்மையில் இடி விழ.

மார்ச் 14, வெள்ளி

அவள் இப்போது கணக்குப் பிரிவுக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். கோபமெல்லாம் இல்லை. என் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். கேட்டும் ஆள் கிடைக்கவில்லை என்பது போக, இருந்த ஆளும் குறைந்துவிட்டாள். இந்தக் கழித்தலுக்கு எங்கள் குறியீட்டெண்ணில் இடமே இல்லை.

பேராசிரியரிடமும் போனேன். நிற்க வைக்காமல் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். முழுவதையும் கேட்டார். "உங்க நிலைமை எனக்குப் புரியுதும்மா" என்றார். பிறகு ஆய்வின் நடுநிலை, நிதி கொடுக்கிறவர்கள், தன் பொறுப்பு என்று போனார். எங்குமே 'முடியாது' என்று சொல்லவில்லை. வெளியே வந்த பிறகுதான் சொல்லிவிட்டார் என்று தெரிந்தது. படித்தவர்கள் கைவிடுவதுகூட எவ்வளவு பக்குவமாக இருக்கிறது.

அம்மாவும் ஒரு ஆள் பிடித்தாள். தினமும் காலையில் கூட நடக்கிற ஓய்வுபெற்ற நர்ஸ். "கண்டிப்பா போடறேன்"னு கையைப் பிடித்துச் சொன்னாராம். சாயங்காலம் அவர் மகன் போன் செய்து, எங்கம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு, தொந்தரவு பண்ணாதீங்க என்றான். வேலையில் இல்லாதவர் கையெழுத்து எப்படியும் செல்லாது என்பதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

தம்பியைப் பார்க்கப் போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெலிந்து தெரிந்தான். அம்மா தையல் மெஷின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் என்னைப் பார்த்து, "ஆள் கிடைக்கலன்னா பரவாயில்லக்கா. இன்னும் ஒன்றரை வருஷம், ஓடிடும்" என்றான்.

"கிடைச்சாச்சு" என்றேன்.

பஸ்ஸில் வரும்போது ஒன்று தோன்றியது. எழுதவே கூசுகிறது. குடும்பத்து ஆள் என்பதால் நான் வெளிக் கையெழுத்துப் போட முடியாது என்று அதிகாரி சொன்னபோது எனக்குள் எங்கோ ஒரு நிம்மதி வந்தது. அவன் என் தம்பியாக இல்லாமல் பக்கத்து வீட்டுப் பையனாக இருந்தால் நான் போட்டிருப்பேனா? ரேடியோவைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

மார்ச் 18, செவ்வாய்

குன்றின் மேல் மேற்பார்வை. நடைப்பயிற்சிக் குழு, மொட்டைமாடித் தோட்டக் குழு, படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசும் குழு என்று வாசல் பலகையிலேயே சங்கங்கள் வரிசை கட்டுகின்றன. ஒருவர் பதினேழாவது கேள்விக்குச் சிரித்துக்கொண்டே, "நாற்பது பேராவது போடுவாங்க" என்றார்.

கணக்கெடுக்கும் பெண் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். நான் குறுக்கே நுழைந்தேன். "யார்கிட்டயாவது கேட்டிருக்கீங்களா?"

"அப்படி ஒரு நிலைமை வரலையே."

இப்படி இடையில் கேட்கக் கூடாது என்று பயிற்சியில் கண்டிப்பாகச் சொன்னவளே நான்தான். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கேட்டுப் பார்க்காத வரைக்கும் எல்லோருக்கும் நாற்பது பேர் இருக்கிறார்கள்.

மதியத்துக்கு மேல் வரிசை வீடுகள். அங்கே எண்ணே வராது. "எத்தனை பேர்?" என்றால், "என்ன இக்கட்டு?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரி என்றால் தெருவே வருமாம். போலீஸ் என்றால் யோசிக்கணுமாம். பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஒரு கைக்குழந்தைக்காரி, "நீங்க போடுவீங்களா?" என்று கேட்டாள். எழுத ஒன்றுமில்லாமல் பூஜ்யம் போட்டுவிட்டு வந்தோம்.

மார்ச் 20, வியாழன்

விடுதலைப் பிரிவு அலுவலகம். கெடுவை ஒரு மாதம் தள்ள முடியுமா என்று கேட்கப் போனேன். முடியாது என்றார் குமாஸ்தா. பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, விழவில்லை. விழுந்திருந்தால் தேவலை.

பக்கத்தில் ஒரு அம்மாள். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும், கையெல்லாம் வெந்நீர்பட்டுச் சிவந்து கிடந்தது. "வெளி ஆளா?" என்றார். தலையாட்டினேன்.

"எனக்கும் அதான். என் பொண்ணு உள்ள இருக்கா. வண்டி மட்டும்தான் ஓட்டினா, பின்னாடி சீட்ல திருட்டுச் சாமான். எனக்குச் சலவைக் கடை இருக்கு. உங்களுக்கு?"

"தம்பி" என்றேன்.

பிறகு, ஏதோ சில்லறை இருக்கிறதா என்று கேட்பது போல, "நீங்க என் பொண்ணுக்குப் போடறீங்களா, நான் உங்க தம்பிக்குப் போடறேன்" என்றார்.

நான் எழுந்து போய் குமாஸ்தாவிடம் கேட்டேன், இப்படிச் செய்யலாமா என்று. அவர் தலையைச் சொறிந்தார். கூடாதுன்னு எங்கயும் எழுதல, ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க என்றார். பொறுப்பேற்கிறவரை அதிகாரி கூப்பிட்டுக் கேள்வி கேட்பாராம். ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போய் நின்றால் தள்ளிவிடுவாராம்.

சலவைக்கடை அம்மாள் பெஞ்சிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருத்தி. முன்பின் தெரியாது. மூன்றாவது கேள்வி, 'பொதுவாக மனிதர்களை நம்பலாமா, அல்லது எச்சரிக்கையாக இருப்பது நல்லதா?' ஒத்திகையில் நான் இரண்டாவதைத்தான் சொல்லியிருந்தேன்.

வேறு வழி என்ன இருக்கிறது?

மார்ச் 23, ஞாயிறு

கடை காவல் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம். இரண்டு பெரிய மெஷின்கள், நீராவி, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மலை மாதிரி. அவர் ஒரு முனையைக் கொடுத்து மடிக்கச் சொன்னார். பேசுவதற்கு அது வசதியாக இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டாம், துணியைப் பார்த்தால் போதும்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி. கண். அந்த மனிதர் நீதிமன்றத்தில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தால் சொல்லிக்கொண்டு வராது, தணிந்த பிறகு குழந்தை மாதிரி அழுவான், பூனை என்றால் பயம், முட்டை நன்றாகப் பொரிப்பான். இவ்வளவு நேரம் அவனைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. அதிகாரி பூனையைப் பற்றிக் கேட்கமாட்டார் என்று தெரிந்தும் சொன்னேன்.

"உங்களை அடிச்சிருக்கானா?"

"இல்லக்கா."

"உங்களுக்கு அவன்கிட்ட பயம் இருக்கா?"

விரிப்பை மடித்து முடித்தேன். "கொஞ்சம்" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான். இவ என்ன பண்ணுவாளோன்னு."

பெண்ணைப் பற்றிச் சொன்னார். எந்த வண்டியைக் கொடுத்தாலும் ஓட்டுவாளாம். வாயாடி. ஒரு பொல்லாத காதல், அவன்தான் பின் சீட்டில் சாமானை ஏற்றியவன். எப்போதும் பசி. தூங்கும்போது பல்லைக் கடிப்பாள். அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல என்றார்.

மார்ச் 27, வியாழன்

அதிகாரி சலவைக்கடை அக்காவைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். வெளியே நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவர் வெளியே வந்து, "கோவக்காரன்னு ஒத்துக்கறீங்களான்னு கேட்டாரு. ஆமா, ஆனா அது அவனுக்கே தெரியும்னு சொன்னேன். எழுதிக்கிட்டாரு" என்றார்.

கையெழுத்துப் போட்டுவிட்டார். பெண்ணின் பெயர் குழுவுக்கு வருவது அடுத்த மாதக் கடைசியில்தான். அவர் முதலில், நான் பிறகு. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு உறுதிகூடக் கேட்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

கிடைத்துவிட்டது. அம்மா இப்போதுதான் அழுதாள்.

ஏப்ரல் 9, புதன்

வந்துவிட்டான். மிதியடியில் கால் துடைத்துக்கொண்டே நின்றான், உள்ளே வா என்று அம்மா சொல்லும்வரை. சொந்த வீட்டில்.

ஏப்ரல் 12, சனி

கதவு படார் என்று அடித்துக்கொண்டால் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். காற்றுதான். நாற்காலியை அவன் இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கி நகர்த்துகிறான், இழுப்பதில்லை. இன்று பாத்திரம் கழுவும்போது ஒரு தட்டு கை நழுவி உடைந்தது. "தெரியாமத்தான்க்கா, தெரியாமத்தான்" என்று நாலைந்து தடவை சொன்னான்.

ஏப்ரல் 16, புதன்

பேராசிரியர் கூப்பிட்டார். என் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. புதுப்பிக்கும் கோப்பில் இந்த வருடம் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறார்களாம், குற்றவாளி யாருக்காவது பொறுப்பேற்றிருக்கிறீர்களா என்று. "உங்க தம்பிக்கு நீங்க போடல, அதனால பிரச்சினை இல்ல" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்தப் பெண்ணைப் பற்றி அவருக்குத் தெரியாது.

சமூக மூலதனத்தை அளக்கிற ஆய்வு. அதில் வேலை பார்க்கிறவள் யாருக்கும் பொறுப்பேற்கக் கூடாது. இதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ள ரேடியோ இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூவர் சாப்பிடுவது என் சம்பளத்தில்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். பெண்ணைப் பற்றித் தெரிந்ததைச் சொன்னேன். பசி, பல்லைக் கடிப்பது, பொல்லாத காதல். அவர் பேனாவை மூடிவிட்டு, "போன தடவை நடந்தது தெரியும்ல?" என்றார்.

போன தடவையா?

முன்பும் ஒருமுறை விட்டிருக்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் பொறுப்பேற்றார். இரண்டாவது மாதமே அந்தப் பயலோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பக்கத்துக் கடைக்காரருக்கு அபராதம், உரிமத்தில் சிக்கல், கடையையே வேறு தெருவுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். அதனால்தான் அக்காவுக்கு அந்தத் தெருவில் ஒரு ஆளும் கிடைக்கவில்லை.

"யோசிச்சுப் போடுங்க. முப்பதாம் தேதி சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு" என்றார் அதிகாரி.

நான் என் தம்பியின் பூனைப் பயம் வரைக்கும் சொன்னேன். ஒளிக்கவே இல்லை. அவங்க மட்டும் எப்படி? வேற ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்களே. என் முகத்துக்கு நேரா விரிப்பைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்களே.

ஏப்ரல் 23, புதன்

கடைக்குப் போனேன். சத்தம் போடவேண்டும் என்றுதான் போனேன்.

"ஏன்க்கா சொல்லல?"

மெஷினை நிறுத்தினார். "சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

"வந்திருக்கமாட்டேன்."

"அதான்."

எனக்கு அதற்குமேல் சண்டை வரவில்லை. அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "உங்க தம்பிக்கு நான் போட்டது போட்டதுதான். நீங்க போடலன்னாலும் அதை எடுக்கமாட்டேன். அது வேற, இது வேற."

வேறா? எப்படி வேறாகும்? திட்டியிருந்தால், மிரட்டியிருந்தால், 'நான் போட்டேனே' என்று அழுதிருந்தால் எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். ஒன்றும் கொடுக்காமல் அனுப்பிவிட்டார். சட்டப்படி எனக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. என் தம்பி வீட்டில் இருக்கிறான். இப்போது நான் எதுவுமே செய்யாமல் இருந்தால் போதும். வெறுமனே இருந்தால் போதும்.

ஏப்ரல் 26, சனி

தம்பியிடம் சொன்னேன். அவன் போட்டே ஆகவேண்டும் என்று சொல்வான், அல்லது வேண்டாம் என்பான், ஏதோ ஒன்று சொல்வான், நான் அதன்மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"அந்தப் பொண்ணு மறுபடி ஓடிட்டா?" என்று கேட்டான்.

"அபராதம். பதிவேட்டில பேரு. ஓடாட்டியும் வேலை போனாலும் போகும்."

முட்டையைத் திருப்பிப் போட்டான். "நான் எப்படி இருப்பேன்னு அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"எனக்கே தெரியாதுக்கா" என்றான். தட்டை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போய்விட்டான்.

அம்மா தன் பங்குக்கு, "நம்ம காரியம் முடிஞ்சது. இருந்தாலும்..." என்று இழுத்தாள். இருந்தாலும் என்னம்மா என்றேன். "இருந்தாலும்தான்" என்றாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

அக்காவிடமிருந்து போன் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ஏன் செய்யவில்லை? எனக்கு ஞாபகப்படுத்தவேண்டாமா? நாளைக்குக் கடைசி நாள் என்று ஒரு வார்த்தை? பெத்தவளா இவ?

ஏப்ரல் 30, புதன்

காலையில் வேலைக்குப் போனேன். மூன்று பகுதிகளின் முதல் சுற்று எண்கள் வந்திருந்தன. குன்று மேலே, வரிசை வீடுகள் நடுவில், பள்ளிக்கூடக் கட்டடம் அடியில். வரைபடம் படிப்படியாக அழகாக இறங்கியது. பேராசிரியர் மகிழ்ச்சியாக இருந்தார். நான் பதினேழாவது கேள்விக்குப் பின்னால் இன்னொன்று சேர்க்கலாமா என்று கேட்டேன், 'நீங்கள் யாருக்காகப் போட்டிருக்கிறீர்கள்?' என்று. அடுத்த ஆய்வில் பார்க்கலாம் என்றார்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. எங்கள் திட்டம் முடியும்வரை கையெழுத்துப் போடமாட்டேன், அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு வேறு வழியில் உதவலாம், வக்கீல் பார்க்கலாம் என்று மனதுக்குள் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். எழுத எழுத அது பேராசிரியர் பேசுவது போலவே இருந்தது. புரியுது, நிலைமை, பொறுப்பு. பாதியில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ரேடியோ நிமிர்ந்து பார்த்தாள். "தலைவலி" என்றேன்.

பஸ் கிடைக்கவில்லை. ஆட்டோவில் போனேன். வழியெல்லாம் திரும்பிவிடலாமா, திரும்பிவிடலாமா என்றுதான் இருந்தது. தைரியமெல்லாம் ஒன்றும் இல்லை.

அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்தே இருந்திருக்கிறார். மடியில் ஒரு பை, மகளுக்கு மாற்றுத் துணி. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, பையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. "ஒரு போன் பண்ணியிருக்கலாம்லக்கா? நான் மறந்திருந்தா?"

"பண்ணினா நீங்க வரமாட்டீங்கன்னு தெரிஞ்சுபோயிடுமே" என்றார். "தெரியாம உட்கார்ந்திருக்கறது கொஞ்சம் நல்லா இருந்துச்சு."

குமாஸ்தா கதவை அடைக்கப் போகும் நேரம். உறவு என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டார். இல்லை என்று எழுதச் சொன்னேன்.

ஜூலை 14, திங்கள்

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பேராசிரியர் மிகவும் வருத்தப்பட்டார், பரிந்துரைக் கடிதம் நன்றாகவே கொடுத்தார். இப்போது ஒரு தனியார் நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய்ச் சோப்புத்தூளைப் பற்றிக் கேட்கிறேன். சம்பளம் குறைவு. ஆனால் சோப்புத்தூளைப் பற்றி யாரும் பொய் சொல்வதில்லை. தம்பி ஒரு அச்சகத்தில் சேர்ந்திருக்கிறான், காகிதம் வெட்டும் பிரிவு. இரண்டு தடவை அங்கே வாய்த்தகராறு வந்திருக்கிறது. இரண்டு தடவையும் வெளியே போய் நின்றுவிட்டு வந்தானாம். நம்பித்தான் ஆகவேண்டும். நம்பிக்கொண்டே பயப்படவும் முடிகிறது, இது எனக்கு முன்பு தெரியாது.

திங்கள்கிழமை மட்டும் காபி இறங்குவதில்லை. தம்பியும், மே மாதம் வெளியே வந்த அந்தப் பெண்ணும் ஒரே நிலையத்தில்தான் கையெழுத்துப் போடவேண்டும், அக்காவின் கடைக்கு எதிரே. இருவரும் உள்ளே போய் வந்ததைக் கடை வாசலிலிருந்து பார்த்துவிட்டு அக்கா போன் செய்வார். வழக்கமாக நான் கிளம்புவதற்குள் வந்துவிடும். இன்று வரவில்லை. அந்தப் பெண் போன வாரம்தான் ஒரு ஆம்புலன்ஸ் வண்டியில் வேலைக்குச் சேர்ந்தாள். ராத்திரி முறை. அந்தப் பயல் ஊரில் தென்படுகிறான் என்று வேறு அக்கா சொல்லியிருந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றேன். எங்கே போனாளோ? வண்டியில தூங்கிட்டாளா? அடிபட்டுக் கிடக்கிறாளா? வயித்துக்கு ஏதாவது சாப்பிட்டாளோ இல்லையோ? அம்மா இரண்டு தடவை உள்ளே வந்து உட்காரச் சொன்னாள்.

போன் அடித்தது. அக்காதான்.

"வந்தாளா?" என்றேன்.

வந்துவிட்டாள். வண்டியை ஒப்படைக்கத் தாமதமாம், ஓடி வந்தாளாம், மூச்சு வாங்க உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போது கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது, வாயில் எதையோ வைத்துக்கொண்டு. செருப்போடு ஹாலுக்குள் வந்து தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இனிமேல் தாமதமானால் ஒரு போன் பண்ணச் சொல்லுங்க, உயிரே போயிடுச்சு என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பி போனானான்னு நீ கேக்கவே இல்லையே" என்றாள்.